வீட்டுக்கு பிரிண்டர்: சரியானதைத் தேர்ந்தெடுத்து இங்க் செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு பிரிண்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மெஷின் விலையைப் பார்க்கிறார்கள். பிறகு வைஃபை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் என்ன விலை என்பது, கூட வந்த இங்க் தீர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: எத்தனை பக்கம், எப்படிப்பட்ட பக்கம், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும், அதற்கு எந்த மெஷின். ஏற்கெனவே பிரிண்டர் வைத்திருப்பவர்கள் 5-ஆம் படியிலிருந்து படித்தால் போதும்.

1. முதலில் பக்கங்களை எண்ணுங்கள்

கடந்த மூன்று மாதத்தில் ஜெராக்ஸ் கடையில் என்னென்ன பிரிண்ட் எடுத்தீர்கள் என்று வாட்ஸ்அப், மெயில் இரண்டையும் புரட்டிப் பாருங்கள். கடைக்காரருக்கு அனுப்பிய பிடிஎஃப் எல்லாம் அங்கேயே இருக்கும். அதிலிருந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாதத்துக்குக் கறுப்பு வெள்ளை எத்தனை பக்கம், கலர் எத்தனை, ஒரு பிரிண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதிகபட்சம் எத்தனை நாள் இடைவெளி.

மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மெஷினைத் தீர்மானிப்பது அதுதான். இங்க் என்பது தண்ணீர் கலந்த திரவம். மூன்று வாரம் சும்மா இருந்தால், இங்க்கைத் தாளில் தெளிக்கும் பாகமான ஹெட்டின் நுண்துளைகளில் காய ஆரம்பிக்கும். லேசர் பிரிண்டரில் இங்க்குக்குப் பதிலாக இருக்கும் டோனர் பொடி காயாது.

மாதம் பத்து பக்கத்துக்குள் இருந்தால் பிரிண்டர் வாங்காதீர்கள். தெருமுனைக் கடை உங்களுக்கு மலிவு.

2. மூன்று வகை, யாருக்கு எது

கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்: மெஷின் மலிவு, இங்க் மிக விலை. எச்பி 805 கறுப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம், கலர் சுமார் 100 பக்கம் என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. இந்த வகையை இன்று வீட்டுக்குப் பரிந்துரைக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. சில மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும், அடைத்துக்கொண்டால் புதியதைப் போட்டதும் தீர்ந்துவிடும்.

இங்க் டேங்க்: மெஷின் விலை இரண்டு மூன்று மடங்கு, இங்க் பாட்டிலில் வரும். எப்சன் எல்3250-க்கான 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, சுமார் 4,500 பக்கம். மூன்று கலர் பாட்டிலும் சேர்ந்து 7,500 பக்கம். பிள்ளைகள் படிக்கிற வீடு, வாரத்துக்கு ஒரு முறையாவது பிரிண்ட் எடுக்கிற வீடு, கலர் தேவைப்படுகிற வீடு என்றால் இதுதான்.

கறுப்பு லேசர்: கலர் வராது, எழுத்து கூர்மையாக வரும், மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் எடுத்த உடனே வேலை செய்யும். தேர்வு நேரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டு மற்ற மாதங்களில் தொடாத வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். மாதத்துக்கு நாலைந்து கலர் பக்கம் வேண்டுமென்றால் அதைக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாலைந்து பக்கத்துக்காக டேங்க் பிரிண்டர் வாங்கி, அதைக் காய விடுவதுதான் அடிக்கடி பார்க்கிற தவறு.

3. ஒரு பக்கத்துக்கு என்ன செலவு

இங்க் விலையை, பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். அந்த எண்ணிக்கை ஐஎஸ்ஓ சோதனை முறைப்படி எடுத்தது. தாளில் ஒவ்வொரு நிறமும் ஏறத்தாழ 5 சதவீத இடத்தை மட்டும் நிரப்பும் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எண்ணுகிறார்கள். வீட்டில் அப்படி நடக்காது. இடையிடையே ஹெட் தன்னைத்தானே சுத்தம் செய்யும், படங்கள் வரும். அதனால் சொன்ன எண்ணிக்கையில் பாதி கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

ஓர் உதாரணம். 120 பக்க கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 6 ரூபாய் 67 பைசா. 4,500 பக்க பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 9 பைசா, பாதிதான் கிடைத்தாலும் 18 பைசா. டேங்க் மெஷினுக்கு 9,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் சுமார் 1,400 பக்கத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். மாதம் 100 பக்கம் எடுப்பவருக்கு 14 மாதம், 40 பக்கம் எடுப்பவருக்கு ஏறக்குறைய மூன்று வருடம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 500 தாள் கட்டு 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 பைசா. டேங்க் பிரிண்டரில் இங்க்கைவிடத் தாள்தான் விலை. ஆகவே டேங்க் வைத்திருப்பவருக்கு, இங்க்கைக் குறைத்து வெளிறலாக அச்சிடும் டிராஃப்ட் முறையைவிட இருபக்க அச்சுதான் அதிகம் மிச்சம் பிடிக்கும். கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு நேர்மாறு.

லேசரில் டோனரோடு, பொடியைத் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம்மின் விலையையும் சேர்க்க வேண்டும். பிரதர் எச்எல்-எல்2321டி மாடலில் இரண்டும் தனித்தனி: டோனர் டிஎன்-2365 சுமார் 2,600 பக்கம், டிரம் டிஆர்-2365 சுமார் 12,000 பக்கம். டோனர் விலையை 2,600-ஆலும் டிரம் விலையை 12,000-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். எச்பி 12ஏ போன்ற கார்ட்ரிட்ஜில் டிரம் உள்ளேயே இருப்பதால் ஒரே கணக்கு.

4. பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கறுப்பு இங்க் எந்த வகை? டை இங்க் தண்ணீர் பட்டால் கரைந்து பரவும், ஹைலைட்டர் தேய்த்தால் இழுக்கும். பிக்மென்ட் இங்க் தாளின் மேல் உட்கார்ந்துகொள்ளும், எழுத்தும் கறுப்பாக நிற்கும். எப்சன் 003 நான்கு நிறமும் டை. கேனன் ஜி3020-ல் கறுப்பு பிக்மென்ட், கலர் மூன்றும் டை. விண்ணப்பம், ஒப்பந்தம், பாடக்குறிப்பு என்று எழுத்தே அதிகம் என்றால் பிக்மென்ட் கறுப்பு உள்ள மாடலைத் தேடுங்கள்.

கழிவு இங்க் எங்கே போகிறது? ஒவ்வொரு முறை ஹெட் சுத்தம் செய்யும்போதும் வெளியேறும் இங்க், அடியில் உள்ள ஒரு பஞ்சுப் பட்டையில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாக மெஷினின் கணக்கு சொன்னால் அச்சு நின்றுவிடும். சில மாடல்களில் இதற்கு சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும். ஜி3020-ல் எம்சி-ஜி02 என்ற மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜை நாமே கழற்றி மாற்றலாம். கடையில் யாரும் தானாகச் சொல்லாத விஷயம் இது, கேட்டு வாங்குங்கள்.

தானியங்கி இருபக்க அச்சு உண்டா? எல்3250, ஜி3020 இரண்டிலும் தாளைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். எல்4260 தானே திருப்பும். மேலே சொன்ன தாள் கணக்குப்படி, நிறைய அச்சிடுகிறவருக்கு இந்தக் கூடுதல் விலை திரும்பி வரும்.

லீகல் அளவுத் தாள் ஏறுமா, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் உண்டா, வாரண்டி வருடக் கணக்கா பக்கக் கணக்கா (எது முதலில் முடிகிறதோ அதுதான் என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும்) என்பதையும் பார்த்துவிடுங்கள். வேறு நிறுவனத்தின் சிப் உள்ள கார்ட்ரிட்ஜை மெஷினே மறுக்கும் ஏற்பாடும் உண்டு. எச்பி அதை டைனமிக் செக்யூரிட்டி என்கிறது. கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜ் போட நினைத்திருந்தால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

5. முதல் நாள்: வைத்தல், நிரப்புதல்

சமமான மேசையில், வெயில் படாத இடத்தில், ஃபேன் காற்று நேராக அடிக்காமல் வையுங்கள். சாய்ந்திருந்தால் டேங்க்கில் உள்ள இங்க் மட்டம் தவறாகத் தெரியும்.

ஒட்டியிருக்கும் கலர் டேப்புகளை எல்லாம் எடுங்கள். ஸ்கேனர் பகுதியைத் தூக்கினால் உள்ளேயும் சில இருக்கும். அதை விட்டுவிட்டு ஆன் செய்தால் ஹெட் நகர முடியாமல் எரர் காட்டும்.

பாட்டிலைக் குலுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் குலுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டும் திறந்து, நிரப்பி, அதை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கவும். நிறம் மாறி ஊற்றுவது நாலு மூடியும் திறந்து கிடக்கும்போதுதான் நடக்கிறது. மாறி ஊற்றிவிட்டால் மெஷினை ஆன் செய்யாதீர்கள். இங்க் குழாயில் ஏறுவதற்கு முன்பு என்றால் டேங்க்கோடு வேலை முடியும், ஏறிவிட்டால் குழாய், ஹெட் எல்லாம் கழுவ வேண்டும்.

நிரப்பிய பின் இங்க் குழாயில் ஏற பத்து இருபது நிமிடம் ஆகும். நடுவில் கரண்டை நிறுத்தக் கூடாது, குழாயில் காற்று தங்கிவிடும். முடிந்ததும் டேங்க் மட்டம் இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். குழாயும் ஹெட்டும் நிறைந்த அளவு அது. முதல் பாட்டில் சொன்ன பக்கம் தராததும் அதனால்தான்.

வைஃபையில் இணையவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எல்3250 போன்ற வீட்டு பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் கண்ணில் படாது.

6. டிரைவரில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள்

ஒவ்வொரு முறையும் பிரிண்ட் பெட்டியில் மாற்றினால் மறந்துபோகும். கம்ப்யூட்டரில் பிரிண்டர் பட்டியலுக்குப் போய், உங்கள் பிரிண்டரின் பிரிண்டிங் பிரிஃபரன்ஸில் மாற்றினால் அதுவே வழக்கமாகிவிடும். அங்கே மூன்றை மாற்றுங்கள்: கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை), இருபக்கம், தாள் வகை பிளெயின் பேப்பர்.

கடைசியது முக்கியம். சாதாத் தாளை வைத்துவிட்டு ஃபோட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் அதிக இங்க் கொட்டும், தாள் நனைந்து சுருளும். பிக்மென்ட் கறுப்பு உள்ள மெஷின்களில், ஃபோட்டோ பேப்பர் என்று சொன்னால் கறுப்பைக்கூட மூன்று கலரையும் கலந்துதான் உண்டாக்கும்.

டிராஃப்ட் முறையில் ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்துக்கு அது ஆங்கிலத்துக்குச் சரிப்படுகிற அளவுக்குச் சரிப்படாது. 9, 10 புள்ளி அளவில் டிராஃப்டில் எடுத்தால் மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி வெளிறி ‘க்’ என்பது ‘க’ போல் தெரியும். ‘ண’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற தாளில் இது கூடாது. தமிழ் என்றால் 12 புள்ளிக்குக் குறையாமல் டிராஃப்ட், சின்ன எழுத்து என்றால் நார்மல்.

7. இங்க்கைக் குடிக்கும் கோப்புகள்

போனில் படம் எடுத்த பக்கம்தான் வீட்டில் அதிகம் இங்க் தின்பது. கண்ணுக்கு அது வெள்ளைத் தாள். கோப்பில் அது இளஞ்சாம்பல், ஓரத்தில் கை நிழல், மூலையில் பழுப்பு. பிரிண்டர் அந்தச் சாம்பலைத் தாள் முழுக்க நுண்புள்ளிகளாகத் தூவி அச்சிடும். எழுத்துக்கு ஆகும் இங்க்கைப் போலப் பல மடங்கு பின்னணிக்குப் போகும். ஸ்கேன் செய்யும் ஆப் எதிலாவது பிளாக் அண்டு ஒயிட் ஃபில்டர் போட்டு, பின்னணி தூய வெள்ளையான பிறகு அச்சிடுங்கள். வகுப்புக் குழுவில் வரும் நோட்டுப் படங்களுக்கு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பிரௌசரிலிருந்து எடுக்கும்போது பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிவியூ பார்க்காமல் அழுத்தாதீர்கள், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் வரும் தாள் எத்தனையோ வீணாகிறது.

பள்ளி புராஜெக்ட் படங்களை ஒரு தாளுக்கு ஒன்று என்று எடுக்காமல் வேர்டில் ஒரே ஏ4-ல் ஆறு எட்டு அடுக்கி எடுத்து வெட்டி ஒட்டுங்கள். தாள் முழுக்க நிறையும் ஒரு படம், 5 சதவீதக் கணக்கைவிடப் பல மடங்கு இங்க் எடுக்கும்.

8. காயாமல் பார்த்துக்கொள்ளுதல்

இங்க்ஜெட்டை எப்போதும் அதன் பவர் பட்டனில் ஆஃப் செய்து, விளக்கு அணைந்து, உள்ளே சத்தம் நின்ற பிறகு சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். பட்டனை அழுத்தியதும் ஹெட் வலது ஓரம் போய் ஒரு ரப்பர் மூடியில் உட்காரும். துளைகளைக் காற்றிலிருந்து காப்பது அதுதான். அச்சடிக்கும் நடுவில் சுவிட்சை நிறுத்தினால் ஹெட் திறந்தபடி நின்று காயும். நம் வீடுகளில் ஹெட் அடைப்புக்கு இந்தச் சுவிட்சுப் பழக்கம் ஒரு பெரிய காரணம். கரண்ட் போய்விட்டால், வந்ததும் ஒருமுறை ஆன் செய்து முறையாக ஆஃப் செய்துவிடுங்கள்.

அடிக்கடி ஆன், ஆஃப் செய்வதும் வேண்டாம். ஆன் ஆகும்போது மெஷின் தானே சிறு சுத்தம் செய்ய வாய்ப்புண்டு, அதற்கும் இங்க் போகும். எடுக்க வேண்டியதைச் சேர்த்துவைத்து ஒரே முறையாக எடுங்கள்.

வாரம் ஒரு முறை, அதிகம் போனால் பத்து நாளுக்கு ஒரு முறை, நான்கு நிறமும் உள்ள சிறிய பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் பக்கமே போதும், சில சொட்டுதான் செலவாகும். கறுப்பு மட்டும் எடுக்கிற வீட்டில் மஞ்சளும் நீலமும்தான் முதலில் அடைத்துக்கொள்கின்றன.

9. கோடு விழுந்தால்

முதலில் நாசில் செக் எடுங்கள், உடனே ஹெட் கிளீனிங்குக்குப் போகாதீர்கள். நாசில் பக்கத்தில் கோடுகள் எல்லாம் முழுமையாக இருந்தால் குறை ஹெட்டில் இல்லை. தாள் வகை, அலைன்மென்ட், கோப்பு இவற்றில் தேடுங்கள்.

இடைவெளி தெரிந்தால் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். இப்படி அதிகபட்சம் மூன்று முறை. அதற்குள் சரியாகவில்லை என்றால் ஆஃப் செய்து 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். காய்ந்த இங்க் ஊறி இளகவும், குழாயில் நின்ற காற்றுக்குமிழ் ஏறிப் போகவும் அந்த நேரம் வேண்டும். காலையில் ஒரு கிளீனிங் செய்தால் பாதிக் கோளாறுகள் தீர்ந்துவிடும்.

பதற்றத்தில் பத்து முறை கிளீனிங் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய செலவு. ஒவ்வொரு முறையும் நல்ல நிறங்களும் சேர்ந்தே கழிவுப் பட்டைக்குப் போகின்றன. கேனனில் கறுப்பு, கலர் என்று பிரித்துச் சுத்தம் செய்யும் வசதி உண்டு, குறை எதில் என்று பார்த்து அதை மட்டும் கொடுங்கள்.

பவர் கிளீனிங், இங்க் ஃபிளஷ் போன்றவை கடைசி வழி. அவை குழாயில் உள்ள இங்க்கையே இழுத்து வெளியே தள்ளும். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போது செய்தால் காற்று உள்ளே போய் நிலைமை மோசமாகும்.

10. மறுபடி நிரப்பும்போது

டேங்க்கின் கீழ்க்கோட்டைத் தொடுவதற்கு முன்பே ஊற்றுங்கள். எல்3250 போன்ற மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் காட்டும் இங்க் அளவு வெறும் கணிப்பு, கண்ணால் பார்ப்பதே சரி.

ஒரே டேங்க்கில் டை, பிக்மென்ட் இரண்டையும் கலக்காதீர்கள், திரிந்து கட்டியாகிவிடும். கம்பேட்டிபிள் இங்க் பற்றி என் கருத்து இது: பக்கத்துக்கு 18 பைசா ஆகிற இடத்தில் அதை 8 பைசா ஆக்குவதற்காக, சில ஆயிரம் ரூபாய் ஹெட்டைப் பணயம் வைக்க வேண்டாம். வாரண்டி இருக்கும்வரை நினைக்கவே வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ ஒரிஜினல் என்று வாங்கினாலும் மூடியின் உள் சீல், ஹோலோகிராம், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கைந்து செட் வாங்கி அடுக்காதீர்கள், திறந்த பாட்டிலைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

11. லேசர் வைத்திருப்பவர்களுக்கு

எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, படுக்கைவாட்டில் இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெல்ல ஆட்டிப் போடுங்கள். ஓரத்தில் தேங்கிய பொடி பரவி இன்னும் சில பத்து பக்கம் வரும்.

12ஏ போன்ற கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பிக் கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நிரப்பும்போது கழிவு டோனர் அறையைக் காலி செய்தாரா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் அது நிறைந்து தாளில் கறுப்புப் பொடியாக உதிரும். நீளவாக்கில் மெல்லிய கோடு ஒரே இடத்தில் வந்தால் டிரம்மில் கீறல், அல்லது டிரம்மைத் துடைக்கும் பிளேடு தேய்ந்திருக்கிறது. இன்னொரு தடவை பொடி நிரப்பிப் பயனில்லை.

இங்க்ஜெட் ஃபோட்டோ பேப்பரை லேசரில் விடாதீர்கள். பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் சூடான ஃபியூசரில் அதன் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும், அந்தச் செலவு டோனரைவிடப் பெரிது. வீட்டு இன்வெர்ட்டரிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ லேசரைச் செருகவும் வேண்டாம். ஃபியூசர் சூடாகும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்காது.

12. தாள்

75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) காப்பியர் தாள் வீட்டுக்குப் போதும். கரூர் பக்கம் புகளூரிலிருந்து வரும் டிஎன்பிஎல் தாள் எளிதாகக் கிடைக்கும். இருபக்கம் டை இங்க்கில் எடுத்தால் மறுபக்கம் தெரியும், அப்போது 80 வாங்குங்கள். மழைக்காலத்தில் கட்டைப் பிரித்துப் போட்டால் தாள் ஈரம் இழுத்து இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஏறும். தேவையான இருபது தாளை மட்டும் டிரேயில் வைத்து மீதியை அதன் உறையிலேயே மடித்து வையுங்கள். பின்பக்க டிரே திறந்தே கிடந்தால் தூசியும் எறும்பும் உள்ளே போகும், ஒரு துணி போட்டு மூடுங்கள்.

13. ஊருக்குப் போகும்போதும் வீடு மாறும்போதும்

ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லை என்றால் கிளம்பும் முன் நாசில் செக் எடுத்து, பட்டனில் ஆஃப் செய்து, மூடி வைத்துப் போங்கள். வீட்டில் யாராவது இருந்தால் வாரம் ஒரு பக்கம் எடுக்கச் சொல்லுங்கள்.

வீடு மாறும்போது டேங்க் பிரிண்டரை ஒருபோதும் சாய்க்கக் கூடாது. பைக்கில் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனாலும், பெட்டிகளுக்கு நடுவில் செங்குத்தாகச் செருகினாலும் இங்க் காற்றுத் துளை வழியாகக் கசிந்து மெஷினுக்குள்ளேயே கொட்டும். டேங்க் மூடிகளை இறுக்கி, டிரான்ஸ்போர்ட் லாக் உள்ள பழைய மாடல் என்றால் அதைத் திருப்பிப் பூட்டி, ஹெட் நகராமல் இருக்க அதன் பக்கத்தில் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் படுக்கைமட்டமாக வையுங்கள். புது வீட்டில் டேப்பை எடுத்துவிட்டு, சமமான மேசையில் இரண்டு மணி நேரம் விட்டபின் ஆன் செய்து நாசில் செக் எடுங்கள். கோடு விட்டிருந்தால் 9-ஆம் படியில் சொன்னபடி செய்யுங்கள்.